மாறி ஏறும் இடம்: பயணச் செயலியும் த்ரூ டிக்கெட்டும்

1

பயணம் செய்கிறவருக்குப் பயணம் ஒன்றுதான். வீட்டு வாசலில் தொடங்குகிறது, வேலை செய்யும் இடத்து வாசலில் முடிகிறது. இடையில் மினி பஸ், மாநகரப் பேருந்து, மின்சார ரயில், மறுபடி ஒரு பஸ், கொஞ்சம் நடை என்று ஐந்து துண்டுகள் இருக்கலாம். "எங்கிருந்து வர்றீங்க?" என்று கேட்டால் யாரும் ஐந்து பதில் சொல்வதில்லை. "பெரும்பாக்கத்திலிருந்து" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நிறுவனங்களுக்கோ பயணம் என்று ஒன்று கிடையாது. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் தடம், நடை, டிக்கெட், வசூல். பஸ்ஸிலிருந்து இறங்கி ரயில் நிலையப் படி ஏறும் அந்த ஐந்து நிமிஷத்தில் பயணி எந்த நிறுவனத்தின் கணக்கிலும் இல்லை. அந்த நேரத்தில் அவர் யாருடைய பயணியும் அல்ல.

இந்தத் துண்டுகளை ஒட்டவைப்பதற்கு இரண்டு சாதனங்கள் உண்டு. ஒன்று, புறப்படும் இடத்தையும் சேருமிடத்தையும் கொடுத்தால் எதில் ஏறி எங்கே மாறுவது என்று சொல்கிற பயணச் செயலி. மற்றொன்று த்ரூ டிக்கெட், அதாவது எத்தனை நிறுவனங்களின் வண்டிகளில் மாறி ஏறினாலும் முழுப் பயணத்துக்கும் செல்லுபடியாகும் ஒற்றைச் சீட்டு. முதலாவது கடந்த 20 ஆண்டுகளில் அசுர வேகத்தில் வளர்ந்துவிட்டது. இரண்டாவதோ உலகின் பல பகுதிகளில் நூறு வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிடப் பின்னுக்குப் போயிருக்கிறது. ஒன்று வளரும்போது மற்றது ஏன் தேய வேண்டும்? இரண்டையும் ஒரே 'தொழில்நுட்ப வளர்ச்சி' என்ற தலைப்பில் போட்டுப் பேசுகிற வழக்கமான சொல்லாடல் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. தகவல் ஒன்றுசேர்கிறது, பொறுப்பு சிதறுகிறது. இந்த இரண்டு இயக்கங்களும் எப்படி ஒரே சமயத்தில் நடக்கின்றன என்பதைத்தான் இங்கே விளக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2

முதலில் இயந்திரம் எப்படி வழி சொல்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். இதில் மந்திரம் ஒன்றுமில்லை.

டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் யோசித்து 1959இல் வெளியிட்ட ஒரு கணக்கு முறைதான் இதற்கெல்லாம் பாட்டன். ஊர்களைப் புள்ளிகளாகவும் அவற்றுக்கிடையேயான பாதைகளைக் கோடுகளாகவும் வைத்துக்கொண்டு, ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றுக்கு மிகக் குறுகிய வழி எது என்று கண்டுபிடிக்கிற முறை அது. சாலைக்கு இது நேராகப் பொருந்திவிடும். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பொருந்தாது. சாலை எப்போதும் அங்கேயே கிடக்கிறது, 8.10 வண்டியோ 8.10க்கு மட்டும்தான் இருக்கிறது. எனவே கால அட்டவணையையே ஒரு வரைபடமாக மாற்ற வேண்டியிருந்தது. 2012இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'ராப்டர்' என்கிற முறை கோடுகளையே விட்டுவிட்டு, 'மாறாமல் எங்கெல்லாம் போகலாம், ஒரு தடவை மாறினால் எங்கெல்லாம் போகலாம், இரண்டு தடவை மாறினால்...' என்று சுற்றுச் சுற்றாகக் கணக்குப் போடுகிறது. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் மனசுக்குள் போடுகிற கணக்கும் ஏறக்குறைய இதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கணக்கு இருந்தால் போதாது, தரவு வேண்டும். 2005இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து, கால அட்டவணைகளை எழுதுவதற்கு ஒரு பொது வடிவத்தை உருவாக்கின. ஜிடிஎஃப்எஸ் என்று அதற்குப் பெயர். முதலெழுத்து ஜி முதலில் கூகுளைக் குறித்தது. பின்னால் 'ஜெனரல்', அதாவது 'பொது' என்று அதைத் திருத்திக்கொண்டார்கள். ஒரு கம்பெனியின் பெயர் இருந்த இடத்தில் 'பொது' வந்து உட்கார்ந்துகொண்டதில் ஒரு அரசியல் இருக்கத்தான் செய்கிறது. அது இருக்கட்டும். நிறுத்தங்கள் ஒரு கோப்பு, தடங்கள் ஒரு கோப்பு, நடைகள் ஒரு கோப்பு, நேரங்கள் ஒரு கோப்பு. இவையெல்லாம் கட்டாயம். கட்டணக் கோப்பு மட்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. இருந்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

கட்டணம் ஏன் ஓரங்கட்டப்பட்டது? வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. டைக்ஸ்ட்ரா வகைக் கணக்குகள் எல்லாம் ஒரு அனுமானத்தின்மேல் நிற்கின்றன. 'அ'விலிருந்து 'இ'க்குப் போகும் மிகச் சிறந்த வழி 'ஆ' வழியாகப் போகிறதென்றால், அந்த வழியில் 'அ'விலிருந்து 'ஆ' வரையுள்ள பகுதியும் சிறந்ததாகவே இருக்க வேண்டும். நேரத்துக்கு இது சரி. சீக்கிரம் போய்ச் சேர்ந்தவருக்கு நஷ்டமில்லை. கட்டணத்துக்கு இது சரிப்படாது. ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 'அ'விலிருந்து 'ஆ'வுக்கு பஸ்ஸில் 5 ரூபாய், ரயிலில் 10 ரூபாய். 'ஆ'விலிருந்து 'இ'க்கு ரயிலில் தனியாக 10 ரூபாய். 'அ'விலிருந்து 'இ' வரை நேராக ரயில் டிக்கெட் எடுத்தால் 12 ரூபாய். 'ஆ' வரைக்கும் பஸ்தான் மலிவு. ஆனால் முழுப் பயணத்துக்கு, பஸ்ஸில் போய் ரயில் ஏறினால் 15, ஆரம்பத்திலிருந்தே ரயில் என்றால் 12. துண்டு துண்டாகச் சிக்கனம் பார்த்துக்கொண்டே போனால் மொத்தத்தில் நஷ்டம். பாஸ், சீசன் டிக்கெட், மண்டலம், சலுகை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் சிக்கல் பல மடங்காகிறது. ஆகவே பெரும்பாலான செயலிகள் முதலில் நேரத்தை வைத்து வழி கண்டுபிடித்துவிட்டு, அதன் தலையில் பிறகு கட்டணத்தை எழுதுகின்றன. வேகமான வழி எது என்று கேட்பதற்காகவே கட்டப்பட்ட இயந்திரத்திடம் மலிவான வழியைக் கேட்கிறோம். கையில் காசில்லாதவருடைய கேள்வி இந்த இயந்திரத்தின் இலக்கணத்திலேயே இரண்டாம்பட்சம்.

3

எந்தப் பிரதியும் தனக்கான வாசகரைக் கற்பித்துக்கொள்வது போல, எந்தப் பயணச் செயலியும் தனக்கான பயணியைக் கற்பித்துக்கொள்கிறது. அந்தப் பயணி யார்?

ஒரே சீரான வேகத்தில் நடப்பவர். கையில் மூட்டையோ இடுப்பில் குழந்தையோ இல்லாதவர். நடைமேம்பாலத்தின் படிகளில் நிற்காமல் ஏறுபவர். இரவு 10 மணிக்கு விளக்கில்லாத சந்து வழியாக 400 மீட்டர் நடக்கச் சொன்னால் நடப்பவர். தெருவின் பெயரும் நிறுத்தத்தின் பெயரும் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று தெரிந்தவர். சுருக்கமாகச் சொன்னால் உடம்பில்லாதவர், சாதியில்லாதவர், பாலில்லாதவர். மாறி ஏறும் நேரம் '6 நிமிடம்' என்று திரை சொல்லும்போது அந்த ஆறு நிமிஷமும் இப்படியொரு தன்னிலைக்காகக் கணக்கிடப்பட்டதே.

மிஷேல் டி செர்த்தோ 1980இல் வெளியான தமது நூலில், இடத்தைச் சொல்வதற்கு இரண்டு வழிகள் உண்டு என்று வேறுபடுத்திக் காட்டினார். ஒன்று வரைபடம்: மேலிருந்து பார்ப்பது, எல்லாவற்றையும் ஒரே தளத்தில் வைப்பது. மற்றது வழி: கீழே நடந்துபோகிறவர் சொல்வது. பழைய வரைபடங்களில் பயணங்களின் தடங்கள் இருந்தன, காலப்போக்கில் வரைபடம் தன்னை உருவாக்கிய பயணங்களையே அழித்துவிட்டது என்பது அவருடைய வாதம். நம்ம ஊரில் வழி கேட்டுப் பாருங்கள். "நேராப் போயி, தண்ணித்தொட்டிகிட்ட இறங்கிக்கிடுங்க. அங்கேருந்து ஷேர் ஆட்டோ வரும். போர்டு பாக்காதீங்க, கேட்டுட்டு ஏறுங்க, பாதி வண்டி கட் சர்வீஸ்" என்று பதில் வரும். இந்த வாக்கியத்துக்குள் தடம், நேரம், கட்டணம், ஆபத்து, அனுபவம் எல்லாம் இருக்கின்றன. கேட்கிறவர் யார் என்பதைப் பார்த்துத்தான் சொல்கிறவர் சொல்கிறார். வயசான அம்மாவுக்கு ஒரு வழி, காலேஜ் பையனுக்கு வேறு வழி.

செயலி இந்தக் கதையாடலை வரைபடமாக்குகிறது. அப்போது எவையெல்லாம் உதிர்ந்துபோகின்றன என்று பார்க்க வேண்டும். ஷேர் ஆட்டோவுக்கு அறிவிக்கப்பட்ட அட்டவணை கிடையாது, ஆகவே தரவில் அது 'இல்லை'. பாதி தூரத்திலேயே திரும்பிவிடுகிற கட் சர்வீஸ் முழுத் தடமாகப் பதிவாகியிருந்தால், திரை காட்டும் இடத்துக்கு வண்டி வராது. 20 நிமிஷத்துக்கு ஒன்று என்று எழுதியிருக்கும் வண்டி மழை பெய்தால் எப்படி வரும் என்பது நிறுத்தத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியும், கோப்புக்குத் தெரியாது. ஆன்றி லெஃபெவர் 1974இல் எழுதிய நூலில் திட்டமிடுவோர் கருதுகிற வெளிக்கும் மக்கள் வாழ்கிற வெளிக்கும் இடையே காட்டிய இடைவெளி இன்று உள்ளங்கைக்குள் வந்துவிட்டது.

இதற்காகச் செயலியே வேண்டாம் என்று சொல்வது அசட்டுத்தனம். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு, கேட்கக் கூச்சப்படுகிறவருக்கு, கேட்டால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாமல் போகும் சமூகத்தில் வாழ்பவருக்கு, யாரிடமும் கேட்காமல் வழி தெரிந்துகொள்ள முடிவது ஒரு விடுதலைதான். வழி சொல்கிற மனிதர்கள் எல்லோரும் எல்லோருக்கும் வழி சொல்லிவிடவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. செயலி மனிதரைப் போல இல்லை என்று குறை சொல்லி இங்கே ஒன்றும் ஆகப்போவதில்லை. தான் சொன்ன வழிக்கு அது எந்தப் பொறுப்பும் ஏற்பதில்லை, அதைத்தான் பேச வேண்டும்.

4

பொறுப்பு என்றதும் த்ரூ டிக்கெட்டுக்கு வந்துவிடுகிறோம். டிக்கெட் என்பது காசு கொடுத்ததற்கான ரசீது மட்டுமல்ல, ஒரு ஒப்பந்தம். 'உன்னை இங்கிருந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்' என்கிற வாக்கு. இரண்டு டிக்கெட் என்றால் இரண்டு வாக்கு. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது வண்டியைத் தவறவிட்டால், முதலாமவர் 'நான் சொன்ன இடத்தில் இறக்கிவிட்டேன்' என்பார், இரண்டாமவர் 'என் வண்டி நேரத்துக்குக் கிளம்பிவிட்டது' என்பார். இருவரும் சொல்வது சட்டப்படி சரி. நடுவில் நிற்பவர் மட்டும் ஊர் போய்ச் சேரவில்லை. ஒரே டிக்கெட்டாக இருந்தால் வாக்கும் ஒன்று. அப்போது தாமதம் என்பது நிறுவனங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரமாகிவிடுகிறது.

இது கணினிக் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. பிரிட்டனில் ஏகப்பட்ட தனியார் ரயில் கம்பெனிகள் இருந்த காலத்தில், 1842இல், லண்டனில் 'ரயில்வே கிளியரிங் ஹவுஸ்' என்ற அமைப்பு தொடங்கியது. பயணி ஒரு கம்பெனியிடம் ஒரு டிக்கெட் வாங்குவார், மூன்று கம்பெனிகளின் பாதையில் போவார். அந்தக் காசில் யாருக்கு எத்தனை மைலுக்கு எவ்வளவு பங்கு என்று குமாஸ்தாக்கள் உட்கார்ந்து பேனாவால் கணக்குப் போட்டார்கள். பிற்பாடு அந்தக் குமாஸ்தாக்களின் எண்ணிக்கை ஆயிரங்களைத் தொட்டது. பயணிக்கு எல்லை தெரியாமல் இருந்ததற்குக் காரணம் எல்லை இல்லாமல் போனதல்ல. அந்த எல்லையை யாரோ ஒருவர் கூலி வாங்கிக்கொண்டு சுமந்தார். இன்று அந்த வேலையைப் பயணி செய்கிறார். நான்கு செயலிகளைத் திறந்து, நேரம் பொருத்தி, தனித்தனியாகக் காசு கட்டி, தவறினால் தானே அலைந்து பணம் கேட்டு நிற்கிறார். கூலி இல்லாத குமாஸ்தா வேலை. 'உங்கள் பயணம் உங்கள் கையில்' என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தமிழர்களுக்குத் த்ரூ டிக்கெட் ஒன்றும் அந்நியமானதல்ல. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில் என்று போக முடிந்தது. போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு அந்தத் தொடர் அறுந்தது. இரண்டு ரயில்வேக்கள், ஒரு கடல். இதையெல்லாம் ஒரு சின்ன அட்டைத் துண்டு கடந்துபோயிருக்கிறது. கணினி இல்லாமல்.

இந்திய ரயில்வேக்குள் இந்த மரபு வேறு விதத்தில் தொடர்ந்தது. 1951 ஏப்ரலில் மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, தென்னிந்திய ரயில்வே, மைசூர் அரசு ரயில்வே மூன்றும் இணைந்து தென்னக ரயில்வே ஆனது. நாடு முழுக்க ஒரே உரிமையாளர் என்றான பிறகு எத்தனை மண்டலம் தாண்டினாலும் டிக்கெட் ஒன்றுதான். கட்டணமும் தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பது குறைந்துகொண்டே வரும்படி அமைந்தது. ஆகவே சேர்த்து வாங்கினால் லாபம், பிரித்து வாங்கினால் நஷ்டம்.

முன்பதிவு வந்ததும் இதில் விரிசல் விழுந்தது. முன்பதிவின் அலகு பயணம் அல்ல, ஒரு குறிப்பிட்ட வண்டியில் ஒரு குறிப்பிட்ட இருக்கை. 2002இல் ஐஆர்சிடிசி இணையம் வழியாக டிக்கெட் விற்கத் தொடங்கியபோது விற்பனைக்கு வந்ததும் இந்த இருக்கைதான். இரண்டு வண்டி மாறிப் போகிறவர் இரண்டு பிஎன்ஆர் எடுப்பார். முதல் வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்றால் இரண்டாவது டிக்கெட் காகிதம்தான். 2019 ஏப்ரலிலிருந்து இரண்டு பிஎன்ஆர்களை இணைத்துக்கொள்ளலாம், முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால் பயணம் செய்யாத பகுதிக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று விதி வந்தது. நல்ல விதி. ஆனா அது வாக்குறுதியின் பாதிதான். பணம் திரும்பி வரும், அடுத்த வண்டியில் இடம் வராது. நள்ளிரவில் ஜங்ஷனில் நிற்கும் குடும்பத்துக்கு வேண்டியது ஊர்.

5

ஐரோப்பாவைப் பார்த்தால் இந்தச் சிதறலின் தர்க்கம் இன்னும் தெளிவாகிறது. பிரிட்டன் 1993இல் சட்டம் இயற்றி ரயில்வேயைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தது. எனினும் த்ரூ டிக்கெட் தொடர வேண்டும், எல்லாக் கம்பெனிகளும் அதை மதிக்க வேண்டும் என்று விதியில் கட்டிப்போட்டார்கள். அந்தக் கட்டு இருந்ததால் ஒப்பந்தம் பிழைத்தது. கட்டணத்தின் தர்க்கம் பிழைக்கவில்லை. வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு கம்பெனிகள் கட்டணம் வைத்ததால், ஒரே ரயிலில், ஒரே இருக்கையில் உட்கார்ந்து போகும் பயணத்துக்கு ஒரு முழு டிக்கெட்டைவிட இடையில் வெட்டி எடுத்த இரண்டு டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் விநோதம் உண்டாயிற்று. எங்கே வெட்டினால் மிச்சம் என்று கண்டுபிடித்துச் சொல்வதற்கென்றே செயலிகள் வந்துவிட்டன. முதலில் சிக்கலை உற்பத்தி செய்வது, பிறகு அந்தச் சிக்கலுக்கு வழிகாட்டியை விற்பது. சந்தையின் சாமர்த்தியம் இப்படி வேலை செய்கிறது.

நாடு விட்டு நாடு போகும் ரயில்களில் நிலைமை இன்னும் மோசம். 2023 ஜூனிலிருந்து நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பயணி உரிமை ஒழுங்குவிதி, ஒரே நிறுவனம் முழுப் பயணத்தையும் நடத்தினால் த்ரூ டிக்கெட் கொடுத்தாக வேண்டும் என்கிறது. வெவ்வேறு நிறுவனங்கள் என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. 'இவை தனித்தனி ஒப்பந்தங்கள்' என்று பயணிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் விற்றவருடைய கடமை பெரும்பாலும் முடிந்தது. இங்கேதான் செயலியும் டிக்கெட்டும் பிரிகிற புள்ளியைப் பிடிக்க முடிகிறது. திரையில் ஒரே கோடு. கீழே ஒரே 'வாங்கு' பொத்தான். அதற்கும் கீழே சிறிய எழுத்தில் 'தனித்தனி ஒப்பந்தங்கள்'. கோடு சொல்வதைச் சிறிய எழுத்து மறுக்கிறது. தொடர்ச்சி என்பது பிம்பமாக மட்டும் தரப்படுகிறது, சட்டத்தில் இல்லை.

6

தொழில்நுட்பம் இன்னும் போதாது, அதனால்தான் த்ரூ டிக்கெட் வரவில்லை என்று சொல்வோர் உண்டு. சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் 1965இல் பஸ், ரயில், படகு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. கட்டணம் ஒன்று, அட்டவணை ஒன்று, வசூல் பொதுப் பானைக்கு. பிறகு ஒரு சூத்திரப்படி பங்கு. அப்போது கைபேசியும் இல்லை, க்யூஆரும் இல்லை. சுவிட்சர்லாந்தில் 1982 முதல் ரயில்கள் நாடு முழுக்கச் சீரான இடைவெளியில் ஓடத் தொடங்கின. பிறகு, முக்கிய நிலையங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு வண்டிகள் வந்து சந்தித்துப் பிரியும்படி அட்டவணையே மாற்றி எழுதப்பட்டது. அங்கே செயலியின் வேலை சுலபம். இணைப்பு வண்டிகளிடையிலேயே இருக்கிறது, செயலி அதைப் படித்துச் சொன்னால் போதும். நம்ம செயலிகள் இல்லாத இணைப்பைத் திரையில் இட்டுக்கட்ட வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூர் 2010 ஜூலையில் கட்டணத்தை மொத்தத் தூரத்தின் அடிப்படைக்கு மாற்றியது. பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறினாலும் மீட்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்காது. லண்டனில் 2016இலிருந்து, ஒரு மணி நேரத்துக்குள் பஸ் மாறினால் இரண்டாவது பஸ்ஸுக்குத் தனியாகக் காசு கிடையாது.

'மீட்டர் மறுபடி தொடங்குவது' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எந்தக் கட்டணத்திலும் முதல் சில கிலோமீட்டர்தான் விலை அதிகம், குறைந்தபட்சக் கட்டணம் என்பது அதுதான். சென்னையில் 2025 நிலவரப்படி சாதாரணப் பேருந்தில் அது 5 ரூபாய், புறநகர் ரயிலில் 5 ரூபாய், மெட்ரோவில் 10 ரூபாய். மூன்றிலும் மாறிப் போகிறவர் மூன்று முறை 'முதல் கிலோமீட்டர்' காசைக் கட்டுகிறார். நேர் வண்டி உள்ள இடத்தில் வசிப்பவர் ஒரு முறை கட்டுகிறார். நேர் வண்டி யாருக்கு இருக்கிறது, மாறி மாறிப் போக வேண்டிய இடத்தில் யார் வசிக்கிறார்கள் என்று கேட்டால், கட்டண விதிக்குப் பின்னாலுள்ள சமூக வரைபடம் வெளியே வருகிறது. நகரத்தின் நடுவிலிருந்த குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டார்கள். வேலை மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது, 20, 25 கிலோமீட்டருக்கு அப்பால். மாறி ஏறுவதற்கான அபராதத்தை அவர்கள்தான் கட்டுகிறார்கள். யாரும் அவர்கள்மேல் அபராதம் விதிக்கவில்லை. நிறுவனங்களுக்கு இடையேயான இடைவெளியே அபராதமாக வசூலாகிறது.

7

சென்னையில் நடந்திருப்பது இந்த முரணுக்கு நல்ல உதாரணம். எல்லாப் போக்குவரத்தையும் ஒருங்கிணைக்க ஒரு குழுமம் வேண்டும் என்று 2010இலேயே சட்டம் இயற்றப்பட்டது. 'கும்டா' என்கிற அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். 2023இல் மெட்ரோவில் சிங்காரச் சென்னை அட்டை வந்தது. 2025 ஜனவரியில் அது மாநகரப் பேருந்துக்கும் நீண்டது. 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' செயலி வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் வழி சொல்லி, ஒரே க்யூஆரில் டிக்கெட்டும் கொடுக்கும் என்ற அறிவிப்போடு வந்தது.

இது உண்மையான முன்னேற்றம். மூன்று வரிசையில் நிற்பது ஒரு வரிசையாவது சின்ன விஷயமல்ல, சில்லறைத் தகராறு ஒழிவதும் சின்ன விஷயமல்ல. ஆனால் செயலி தொடங்கியபோது சீட்டு ஒன்றானதே தவிர கட்டணம் ஒன்றாகவில்லை. அந்தந்த நிறுவனத்தின் கட்டணங்களைக் கூட்டி வந்த தொகை ஒரே இடத்தில் வாங்கப்பட்டது. பஸ் பாஸ் பஸ்ஸுக்கு, சீசன் டிக்கெட் ரயிலுக்கு என்கிற பழைய பிரிவினையும் அப்படியே. பஸ் மாநில அரசின் கழகத்துடையது, மின்சார ரயில் மத்திய அரசின் ரயில்வேயுடையது, மெட்ரோ இருவரும் சேர்ந்து வைத்திருக்கும் கம்பெனி. இவற்றுக்கிடையே வசூலை எப்படிப் பங்கிடுவது, நஷ்டத்தை யார் சுமப்பது என்பது அரசியல் கேள்வி. க்யூஆர் அதற்குப் பதில் சொல்லாது.

இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் பயணம் செய்யும் திட்டம் தொடங்கியது. இது த்ரூ டிக்கெட் என்ற பெயரில் வரவில்லை. ஆனால் ஒரு விதத்தில் அதன் வேலையைச் செய்தது. இரண்டு சாதாரண பஸ் மாறிப் போகும் பெண்ணுக்கு மாறி ஏறும் அபராதம் ஒரே இரவில் காணாமல் போனது. அதோடு, எது 'நல்ல வழி' என்கிற வரையறையும் மாறியது. டீலக்ஸ் வண்டியை விட்டுவிட்டு, பத்து நிமிஷம் நின்று, முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்த வண்டியில் ஏறுவது அவருடைய கணக்கில் சரியான வழி. சீக்கிரம் போய்ச் சேரும் வழியை முதலில் வைக்கிற எந்தச் செயலியும் இதைத் தாமதமான வழி என்று கீழே தள்ளும். இரண்டு கணக்கு, இரண்டு பகுத்தறிவு. ஒன்று கண்ணாடித் திரையில், மற்றது நிறுத்தத்தில் நிற்கிற கூட்டத்தில். கொள்கை முடிவு ஒன்றால் சாதிக்க முடிந்ததை எந்த மென்பொருளும் சாதித்திருக்காது.

இதற்கு நேர்மாறான உதாரணம் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது, சாலைக்கு அந்தப் பக்கம் மின்சார ரயில் பாதை ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ரயில் நிற்பதற்கு அங்கே நிலையம் இல்லை. தென்மாவட்டங்களிலிருந்து விடிகாலையில் பெட்டியும் பையுமாக இறங்கியவர் கண்ணெதிரே ரயில் போவதைப் பார்த்தபடி, அதைப் பிடிக்க வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ வேறொரு வண்டியில் போக வேண்டியிருந்தது. வரைபடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். இணைப்பைத் திட்டத்திலேயே கட்டாமல் விட்டுவிட்டு, பின்னால் செயலியில் கட்டிவிடலாம் என்பது நடக்காத காரியம்.

8

இதுவரை சொன்னதை வைத்து, 'அப்படியானால் ஒரே டிக்கெட், ஒரே அட்டை, ஒரே செயலி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று முடிவுகட்டினால் அதிலும் சிக்கல் இருக்கிறது. 'ஒரே' என்று தொடங்கும் எதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க நமக்குக் காரணம் உண்டு. த்ரூ டிக்கெட்டுக்கு இன்னொரு சரித்திரமும் இருக்கிறது.

1900களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துப் போனபோது 'டின் டிக்கெட்' என்ற முறை இருந்தது. தகரத்தில் செய்த சிறு வில்லை. அதில் எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியவர் என்பதைக் குறிக்கும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது இருந்தால் போதும், வழிநெடுக ரயிலும் படகும் சாப்பாடும் கிடைத்துவிடும். தொழிலாளி எங்கும் காசு எண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை. எங்கும் நிற்காமல் நேராகத் தோட்டம். இடைஞ்சல் இல்லாத பயணம் என்று இன்றைய விளம்பரங்கள் சொல்வது இதைத்தான். ஆனால் செலவெல்லாம் தோட்டத்தின் கணக்கில் ஏறி, அங்கிருந்து தொழிலாளியின் கடனில் ஏறியது. வில்லை அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, வழியில் இறங்கிக்கொள்ளும் சாத்தியத்தை இல்லாமல் செய்தது, யாருக்குச் சொந்தமான ஆள் என்றும் சொன்னது. அதே கடலை, அதே ரயிலை எழும்பூர்ப் பயணி அட்டை டிக்கெட்டோடு கடந்தார், தோட்டத் தொழிலாளி தகர டிக்கெட்டோடு கடந்தார். இரண்டும் த்ரூ டிக்கெட்தான். கையில் இருப்பவருக்கு நிறுவனம் கடமைப்பட்டதா, நிறுவனத்துக்குக் கையில் இருப்பவர் கடமைப்பட்டவரா என்பதில்தான் வித்தியாசம்.

கண்டக்டர் கிழித்துக் கொடுக்கிற சீட்டு பேர் கேட்பதில்லை. கைபேசி எண்ணோடு கட்டிய க்யூஆர், ஒருவர் எங்கே ஏறி எங்கே மாறி எங்கே இறங்கினார் என்பதை ஒரே தொடராகப் பதிவு செய்ய வல்லது. துண்டு துண்டான டிக்கெட்டுகளின் காலத்தில் இந்தத் தொடரை யாராலும் ஒன்றுசேர்க்க முடியவில்லை. ஃபூக்கோ விளக்கிய கண்காணிப்புக்கு இனிக் கோபுரம் வேண்டியதில்லை, நாமே எடுத்து நீட்டும் சீட்டு போதும். பயணத்தின் பொறுப்பை ஏற்காமல் பயணத்தின் பதிவை மட்டும் வைத்துக்கொள்வது என்றால் அது தகர டிக்கெட்டின் பக்கம் சாய்ந்துவிடும்.

9

ஆகவே, கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்டாக வேண்டும். 'இன்னும் நல்ல ஆப் வேணும்' என்பது மிகச் சின்ன கோரிக்கை.

வழி சொல்கிறவர் அந்த வழிக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஒரே திரையில் ஒரே பயணமாகக் காட்டி விற்கப்பட்டது சட்டத்திலும் ஒரே பயணமாக இருக்க வேண்டும். இணைப்பு தவறினால் அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவது விற்றவர் கடமை. கட்டணம் மொத்தத் தூரத்துக்கு இருக்க வேண்டும், மாறுகிற எண்ணிக்கைக்கு அல்ல. செயலியில் மலிவான வழி என்கிற கேள்வியும், படி ஏறாத வழி என்கிற கேள்வியும், கட்டணமில்லா பஸ் வழி என்கிற கேள்வியும் வேகமான வழிக்குச் சமமாக வைக்கப்பட வேண்டும். கைபேசி இல்லாதவருக்கும் பேர் சொல்ல விரும்பாதவருக்கும் அதே விலையில் காகிதச் சீட்டு இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் விசாரணை என்று எழுதிய கூண்டுக்குள் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இவற்றில் முதலிரண்டும் நிறுவனங்களின் கணக்குப் புத்தகங்களைத் தொடுபவை. அதனால்தான் அவை கடைசியாக வருகின்றன, அல்லது வருவதே இல்லை. கோடு போடுவது சுலபம், செலவில்லாதது. வசூலைப் பங்கிட்டுக்கொள்வது கஷ்டம். பஸ்ஸிலிருந்து இறங்கி ரயில் நிலையப் படி ஏறும் அந்த ஐந்து நிமிஷமும் யாராவது ஒருவருடைய பொறுப்பில் வர வேண்டும். அதுவரைக்கும் திரையில் தெரிவதை வழி என்று சொல்லலாம், பயணம் என்று சொல்ல முடியாது.